போடி ரயில் திரும்பி வந்த கதை



நம் இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை இல்லை. ஏலத்தோட்ட மக்கள் போடிமெட்டு வழியே மலை இறங்குகிறோம். போடிநாயக்கனூரில் ரயில் ஏறுகிறோம்.

போடிக்கு ரயில் வந்தது 1928-இல். அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்கு இரும்பு தேவைப்பட்டது. போடிப் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

நாடு விடுதலை அடைந்தது. 1950-களில் மறுபடியும் தண்டவாளம் போட்டார்கள். அது மீட்டர் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. அகலப் பாதையில் 1.676 மீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. பின்னாளில் மதுரைக்கு அகலப் பாதை வந்தது. போடி ஆட்கள் அங்கே இறங்கி, வண்டி மாற வேண்டியிருந்தது.

பாதையை அகலமாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதையையும் 2008-இல் இப்படித்தான் மூடினார்கள். அது 2015-இல் திறந்தது. நமக்கோ பன்னிரண்டு ஆண்டு ஆனது. 2022-இல் தேனிக்கு ரயில் வந்தது. 2023-இல் போடிக்கு வந்தது. சென்னைக்கும் நேர் வண்டி விட்டார்கள்.

அன்று தண்டவாளத்தை எடுத்தபோது நம் தாத்தா பாட்டிக்கு எழுதத் தெரியாது. இன்று நமக்குத் தெரியும். நிலையத்தில் நேரப் பலகையைப் படியுங்கள். வண்டி போதவில்லையா? கூடி மனு எழுதுங்கள். கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள்.