ஹியர் கம்ஸ் த பெயின்: 2003-ல வந்த ரெஸ்லிங் கேமை இன்னிக்கு விளையாடினா?

இன்னிக்கு ஒரே ஒரு கேம்தான். 2003 அக்டோபர் கடைசியில பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'டபிள்யூ டபிள்யூ ஈ ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் த பெயின்'. டிஹெச்க்யூ வெளியிட்டது, உருவாக்கினது ஜப்பான்ல இருக்கிற யூக்ஸ் நிறுவனம். அட்டையில பிராக் லெஸ்னர் முறைச்சுக்கிட்டு நிப்பார். சிறந்த ரெஸ்லிங் கேம் எதுன்னு கேட்டா பாதி பேர் இன்னிக்கும் இதைத்தான் சொல்றாங்க. மீதிப் பேர் நின்டெண்டோ 64-ல வந்த நோ மெர்சியைச் சொல்வாங்க. அந்தப் பஞ்சாயத்துக்கு இன்னிக்கு நான் வரலை.

முதல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்: எடை. ட்ரம்ப் கார்டுல பிக் ஷோவோட வெயிட்டைச் சொல்லி எதிராளி கார்டைப் பிடுங்கின தலைமுறைக்கு இது சட்டுன்னு புரியும். அதுக்கு முன்னால வந்த ஸ்மாக்டவுன் கேம்கள்ல யாரும் யாரையும் தூக்கலாம். பொடியனா இருக்கிற ஆளு மலை மாதிரி இருக்கிறவரைத் தலைக்கு மேல தூக்கிப் போடுவான், நாமளும் சிரிச்சுக்கிட்டே ஆடுவோம். இந்தக் கேம்ல ரே மிஸ்டீரியோவை வச்சு பிக் ஷோவைத் தூக்கப் போனா தூக்க முடியாது. அப்ப என்ன பண்றது? ஓடணும், உதைக்கணும், கயித்து மேல ஏறிக் குதிக்கணும், காலை அடிச்சு அடிச்சு ஆளைச் சாய்க்கணும். அதாவது ரே மிஸ்டீரியோ டிவியில என்ன பண்ணுவாரோ அதையேதான் நீங்களும் பண்ண வேண்டியிருக்கும். ஒரு சின்ன விதி, ஆளுக்கு ஆள் ஆட்டத்தையே மாத்திடுது.

அடுத்தது அந்த மனுஷ பொம்மை. திரையில ஒவ்வொரு வீரருக்கும் ஒரு குட்டி உருவம் இருக்கும். தலை, உடம்பு, கை, கால்னு தனித்தனியா. எங்க அடி விழுதோ அந்த இடம் நிறம் மாறிக்கிட்டே போய்க் கடைசியில சிவப்பாயிடும். கர்ட் ஆங்கிளை எடுத்தீங்கன்னா, கணுக்காலைத் திருகுற பிடிதான் அவரோட ஆயுதம். ஆரம்பத்துலயே போட்டா எதிராளி உதறிட்டு எழுந்திருவான். அஞ்சு நிமிஷம் காலையே குறிவச்சு அடிச்சிட்டு அப்புறம் போட்டா கதை முடிஞ்சது. இதனால ஒரு மேட்ச்சுக்குத் திட்டம் வருது. பிடியையும் நாலு வகையாப் பிரிச்சிருக்காங்க: பலம், வேகம், டெக்னிக்கல், அந்த வீரருக்கே உரிய பிடி. வட்ட பட்டனோட ஒரு திசை, பிடிச்சதுக்கு அப்புறம் மறுபடி ஒரு திசை, அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல யாரும் கத்துக்கலாம். தப்பிக்கிறதுக்கு அடிக்கு ஒரு பட்டன், பிடிக்கு ஒரு பட்டன். இது சிக்கனமான, நல்ல டிசைன். பின்னால வந்த சில கேம்கள்ல கன்ட்ரோலைப் புரிஞ்சுக்கவே ஒரு சாயந்திரம் போயிடுது.

சரி, குறைகள். கமென்டரி கிடையாது. முந்தின கேம்ல மைக்கேல் கோலும் டாஸும் ஏதோ பேசிக்கிட்டாவது இருந்தாங்க, இதுல அதையும் எடுத்துட்டாங்க. சீசன் மோடுல குரலே இல்லை, எல்லாம் எழுத்துதான், படிச்சுப் படிச்சு பட்டனைத் தட்டணும். முதல் வருஷம் நல்லா இருக்கும், ரெண்டாவது வருஷம் அதே கதைகள் திரும்ப வர ஆரம்பிக்கும். ரிங்குல நாலு பேர், ஆறு பேர்னு ஆனா நீங்க ஒருத்தனை அடிக்க நினைப்பீங்க, உங்க ஆளு வேற ஒருத்தனைப் பார்த்துக் கையை வீசுவான். பெண்கள் மேட்ச்னு சொல்லி ஆடையை உரியறதை ஒரு போட்டியா வச்சிருக்காங்க பாருங்க, அதை அன்னிக்கு டிவியிலயும் காட்டினாங்கங்கிறது ஒரு சமாதானமே இல்லை. ட்ரிஷ் ஸ்ட்ராடஸ், விக்டோரியா மாதிரி நிஜமா ஆடத் தெரிஞ்சவங்களை வச்சுக்கிட்டு இதையா பண்ணணும்?

ஆனா பெரிய குறை இதெல்லாம் இல்லை. ரெஸ்லிங்ல யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவாயிடும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த மேட்ச்சை உருவாக்குறாங்க. தோக்குறவர் நல்லாத் தோத்தாத்தான் ஜெயிக்கிறவர் பெரிய ஆளாத் தெரிவார். கேம் இதை மறந்துட்டு, நெஜச் சண்டை மாதிரி 'ஜெயி' அப்படின்னு மட்டும் சொல்லுது. நீங்க மூணு நிமிஷத்துல எதிராளியை நசுக்கினாலும் சரி, இருபது நிமிஷம் தாங்கிக் கடைசி நொடியில திருப்பினாலும் சரி, கேமுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஜப்பான்ல இருந்து வந்த ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் மேட்ச் முடிஞ்சதும் எவ்வளவு நல்ல மேட்ச்னு ஒரு சதவீதம் கொடுக்கும். தோத்தவருக்கும் அதுல பங்கு உண்டு. இதுல அது இல்லை. அதனாலதான் நண்பர்களா உட்கார்ந்து ஆடும்போது நாமளே விதி போட்டுக்கிட்டோம்: 'டேய், உடனே ஃபினிஷர் போடாதடா' அப்படின்னு.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாம இந்தக் கேமைப் பத்திப் பேச முடியாது. ஜான் சீனா, பாடிஸ்டா ரெண்டு பேருக்கும் இந்தத் தொடர்ல இதுதான் முதல் கேம். அட்டையில இருக்கிற லெஸ்னர் அடுத்த மார்ச்சுலயே கம்பெனியை விட்டுப் போயிட்டார். பழைய ஜாம்பவான்கள் வரிசையில லீஜன் ஆஃப் டூமோட ஹாக் இருக்கார். அவர் 2003 அக்டோபர் 19-ல இறந்துட்டார், கேம் அமெரிக்காவுல கடைக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி. எடி கெரேரோ 2005 நவம்பர்ல, 38 வயசுல போயிட்டார்.

அப்புறம் கிறிஸ் பெனாய்ட். 2007 ஜூன்ல மனைவியையும் ஏழு வயசு மகனையும் கொன்னுட்டு, தானும் தற்கொலை பண்ணிக்கிட்டார். அதுக்கப்புறம் டபிள்யூ டபிள்யூ ஈ அவர் பேரையே கிட்டத்தட்ட எடுக்கிறதில்லை. இந்தக் கேமை அவங்க மறுபடி கடைக்குக் கொண்டு வருவாங்கன்னு நான் நினைக்கலை. டிஹெச்க்யூவும் 2012 டிசம்பர்ல திவால் ஆகி, லைசென்ஸ் 2கே கைக்குப் போயாச்சு. பழைய டிஸ்க்கும் பழைய மெஷினும் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கேம்.

சங்கடம் என்னன்னா, நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அந்த மனுஷ பொம்மை சிஸ்டம் இருக்கே, அது யாருக்கு ரொம்பப் பொருந்துதுன்னு பார்த்தா பெனாய்டுக்குத்தான். கையைக் குறிவச்சு அடிச்சு, கடைசியில முகத்தையும் கையையும் சேர்த்துப் பூட்டுற கிராஸ்ஃபேஸ். கயித்து மேல இருந்து தலையாலயே பாயுற ஹெட்பட்டும் அவரோட அடையாளம். அவர் மூளையை இறந்த பிறகு ஆராய்ஞ்ச டாக்டர்கள், திரும்பத் திரும்ப அடி வாங்கிக் கடுமையாப் பழுதானதுன்னு சொன்னாங்க. அந்த ரெண்டு உயிருக்கு அது பதிலாகாது. ஆனா கேம்ல எக்ஸிபிஷன் மேட்ச் முடிஞ்சு அடுத்ததை ஆரம்பிச்சா, சிவந்த தலை புதுசா ஆயிடுது. 2003-ல அதை நான் கவனிக்கவே இல்லை, இப்ப ஒவ்வொரு தடவையும் கண்ணுல படுது. செலக்‌ஷன் திரையில அவர் படம் வந்தா நான் தாண்டிப் போயிடுவேன். நண்பர் ஒருத்தர் அவரைத்தான் எடுப்பார், 'ஆட்டம் வேற, ஆள் வேற' அப்படிம்பார். நாங்க ரெண்டு பேரும் இன்னும் அதைப் பேசி முடிக்கலை. உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல நோ மெர்சி. பஞ்சாயத்து அங்க வச்சுக்கலாம்.