நிரல் எழுதும் கருவியும் கற்கும் மாணவரும்



கணினிக்கு நாம் இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். அதனை எழுதும் தொழிலில் இன்று செயற்கை நுண்ணறிவு துணையாக வந்து சேர்ந்துள்ளது. கிட்ஹப் கோபைலட் 2022 ஜூன் திங்களில் பொதுப் பயனுக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளியாயிற்று. வேண்டுவதைச் சொன்னால் இவை நொடியில் நிரலை எழுதித் தருகின்றன. இத்துணையால் கற்போர்க்கு விளைவது யாது என்பதே என் உரையின் பொருள்.

முதலில் நிரலின் தரத்தைப் பார்ப்போம். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல், பிழை நேரக்கூடிய 89 சூழல்களைத் தேர்ந்து, கோபைலட்டைக் கொண்டு 1,689 நிரல்களை எழுதச் செய்தனர். அவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் பாதுகாப்புக் குறைகள் இருந்தன. பயன்படுத்துவோர் தட்டச்சிடும் சொற்களைச் சோதியாமல் தரவுத்தளக் கட்டளையோடு இணைத்துவிடுவது அத்தகைய குறைகளுள் ஒன்று. அந்நிரல் தடையின்றி ஓடும். விடையும் சரியாகவே வரும். ஆனால் தீயோன் ஒருவன் பெயர் எழுதும் இடத்தில் கட்டளையை எழுதிப் பிறர் விவரங்களைக் கவர்ந்து சென்றுவிடுவான். கருவிகள் அதன்பின் வளர்ந்துள்ளன. எனினும் அவை தருவதைச் சரிபார்க்கும் பொறுப்பு மனிதனுடையதே. கல்லாதவன் எங்ஙனம் சரிபார்ப்பான்?

கற்றலைப் பற்றிய சோதனை மேலும் சிந்திக்கத்தக்கது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2026 இல் வெளியிட்ட ஆய்வில், 52 நிரலாளர்கள் தாம் முன்பு அறியாத பைத்தான் நிரலகம் ஒன்றைக் கொண்டு பணி செய்தனர். பின்னர் நடந்த தேர்வில், தாமே எழுதியோர் சராசரியாக 67 விழுக்காடும், கருவியைக் கொண்டோர் 50 விழுக்காடும் பெற்றனர். பிழை கண்டறியும் வினாக்களிலேயே வேறுபாடு மிகுந்திருந்தது. கருவியினர் பெற்ற நேர ஆதாயமோ மிகச் சிறிது. ஆயினும், அதே கருவியிடம் பொருளையும் காரணத்தையும் கேட்டறிந்தோர் நல்ல மதிப்பெண் பெற்றனர்.

மாணவச் செல்வங்களே, வீட்டில் கேட்டறிய ஆளில்லாத பிள்ளைக்கு நள்ளிரவிலும் சலியாது விளக்கம் சொல்லும் ஆசான் கிடைத்திருப்பது பெரும்பேறு. அவ்வாசானிடம் வீட்டுப்பாடத்தை எழுதித் தரச் சொன்னால் பேறு வீணாகும். முதலில் நீங்களே எழுதுங்கள். பிழை வந்தால் அரைமணி நேரமாவது அதனோடு போராடுங்கள். பின்னர் கருவியிடம், “இது ஏன் பிழையாயிற்று?” என்று கேளுங்கள். அது தந்த நிரலில் விளக்க இயலாத வரி ஒன்று இருப்பினும் அதனை ஏற்காதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மாணவர் கொண்டுவரும் நிரலோடு நில்லாமல், அதன் ஒவ்வொரு வரியையும் வாய்மொழியாக விளக்கச் சொல்லுங்கள். விளக்கக் கற்றவனுக்கே கருவி ஏவலாள். கல்லாதவனுக்கு அதுவே எசமானன்.