துறைமுக நகரில் கண்ட கூட்டம்



பெரிய துறைமுக நகரம் ஒன்றில் முதன்முறையாக இறங்கும் பயணி, தம் ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், முதலில் எழுதுவது பெரும்பாலும் கூட்டத்தைப் பற்றித்தான். கொழும்பு, பம்பாய், கல்கத்தா, சிங்கப்பூர், ஹாங்காங் ஆகிய எந்த நகரைப் பற்றிய பழைய பயண நூலைப் புரட்டினாலும் இவ்வுண்மை விளங்கும். எத்தனை மக்கள், எத்தனை மொழிகள், எவ்வளவு கூச்சல், மூட்டையைப் பற்றி இழுத்த கைகள் எத்தனை என்றுதான் அக்கடிதம் தொடங்கும். எழுதுகிறவர்களுள் சிலர் வியப்படைகின்றனர், சிலர் அஞ்சுகின்றனர், சிலர் முகம் சுளிக்கின்றனர். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார், அவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தனர் என்று கேட்டவர்கள் சிலரே. அந்தக் கேள்வியை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் சென்னையே அத்தகைய ஒரு நகரம். பிறர் கண்ணுக்கு அது எவ்வாறு காட்சியளித்தது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

நான் வாழ்வது திருவான்மியூரில். மருந்தீசர் கோயிலிலிருந்து கிழக்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் கடற்கரை. அங்கே வளைகுடா இல்லை. பாறைக் காப்பு இல்லை. கப்பல் ஒதுங்குவதற்குரிய கழிமுகமும் இல்லை. நேர்கோடு இழுத்தாற்போன்ற மணற்கரை. அதன்மேல் ஓயாது வந்து மோதும் அலை. மணலில் இழுத்து நிறுத்திய மீன்படகுகள். 1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டை கட்டுவதற்கு நிலம் பெற்றபோது, வடக்கே அவர்களுக்குக் கிடைத்த கரையும் இத்தகையதே. துறைமுகத்துக்குரிய இயற்கை வசதி எதுவும் இல்லாத இடத்தில் ஒரு துறைமுக நகரம் தோன்றியது என்பதே சென்னையின் வியப்பு. இன்று செயற்கைத் துறைமுகத்தைக் காண்கிறவர்களுக்கு அந்தப் பழைய நிலை எளிதில் மனக்கண் முன் வாராது. அதனைக் காண விரும்புவோர் திருவான்மியூர்க் கரையில் ஒரு மாலை நின்றால் போதும்.

இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில்தான் நங்கூரம் பாய்ச்சின. ஐரோப்பியரின் படகுகள் இந்த அலையைக் கடந்து கரை சேர மாட்டா. ஆணி அறைந்து இறுக்கிய பலகைகள், அலை தூக்கி மணலில் அடிக்கும்போது சிதறிப் போகும். ஆகவே கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடியவை நம்மவருடைய மசூலாப் படகுகளே. அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடையில் வைக்கோல் போன்றவற்றைத் திணித்து அடைத்திருப்பர். அலை அடிக்கும்போது அந்தப் படகு வளைந்து கொடுக்கும், ஆகையால் உடைவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் தண்டு வலிக்க, பின்புறம் ஒருவர் நின்று படகைச் செலுத்துவார். உடன் கட்டுமரங்கள் காவலாக வரும்; பயணி எவரேனும் கடலில் வீழ்ந்தால் கட்டுமரக்காரர் குதித்துத் தூக்குவார். அலை மிகக் கொந்தளிக்கும் நாளில் கரையில் எச்சரிக்கைக் கொடி ஏறும். அப்போதும் கட்டுமரக்காரர், பாயால் முடைந்த தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு, கப்பலுக்கும் கரைக்கும் சென்று வந்ததாகப் பயணிகள் எழுதியிருக்கின்றனர்.

வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில், கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்தார். அம்மொழியில் அச்சொல் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் அஃது ஒன்று. 1810இல் சென்னையைக் கண்ட மரியா கிரஹாம் என்னும் பெண்மணியின் நாட்குறிப்பு 1812இல் நூலாயிற்று. 1836 முதல் 1839 வரை இம்மாகாணத்தில் வாழ்ந்த ஜூலியா மெயிட்லண்ட் எழுதிய கடிதங்கள் 1843இல் அச்சேறின. இவ்விரு பெண்மணிகளும் கூர்ந்து நோக்கும் கண் உடையவர்கள். படகின் அமைப்பை எழுதினர், அலையை எழுதினர், படகோட்டிகளின் தோற்றத்தையும் எழுதினர். ஆயினும் அந்நாளைய பயண நூல்கள் பலவற்றைச் சேர்த்துப் படித்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். படகுக்குப் பெயர் உண்டு. கட்டுமரத்துக்குப் பெயர் உண்டு. கப்பலுக்கும் கப்பல் தலைவருக்கும் பெயர் உண்டு. உயிரைக் காத்துக் கரை சேர்த்த மனிதருக்கு மட்டும் பெயர் இல்லை. அவர் கூட்டத்தில் ஒருவர்.

படகோட்டிகள் பாடிய பாட்டைச் சிலர் இனிமை என்றனர். சிலர் இரைச்சல் என்றனர். அந்தப் பாட்டின் தாளத்தில்தான் பன்னிரண்டு பேரின் தோள்களும் ஒருசேர இயங்கின. எந்த அலையின்மேல் ஏறுவது, எந்த அலையைப் போகவிடுவது என்பது பின்னால் நின்றவருடைய கணக்கு. அக்கணக்குப் பிழைத்தால் படகு கவிழும். தாம் கேட்ட ஓசையே தம்மைக் கரை சேர்க்கும் கருவி என்பதைப் படகிலிருந்த பயணிகளுள் எத்தனை பேர் உணர்ந்தனர்?

கரையில் காத்திருந்த கூட்டத்துக்கும் காரணம் உண்டு. கப்பல் நாள்தோறும் வருவதில்லை. அது வரும் நாளில் மொழிபெயர்க்கும் துபாஷியும், சுமை தூக்குவோரும், பல்லக்குத் தூக்குவோரும், வேலை தேடுவோரும் ஒருங்கே கூடினர். துபாஷிகள் கப்பலுக்கே வந்து, முன்னர்த் தாம் பணிபுரிந்த துரைமார் தந்த நற்சான்றுகளை நீட்டுவதும் உண்டு. வந்திறங்கியவர் அதனை நகரத்தின் இயல்பு என்று எழுதிவிட்டார். உண்மையில் அவர் கண்டது, தம் வருகையை ஒட்டிக் கூடிய ஒரு சந்தை. அவர் வாராத நாளில் அந்தக் கரை, இன்றைய திருவான்மியூர்க் குப்பத்தைப் போல, வலை உலர்த்துவோரும் படகைப் பழுது பார்ப்போரும் மட்டுமே இருக்கும் அமைதியான மணல்வெளியாக இருந்திருக்கும். பயணி காணும் கூட்டத்தில் ஒரு பகுதியைப் பயணியே உண்டாக்குகிறார் என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர்க் காலம் மாறியது. 1861இல் இரும்புக் கால்களின்மேல் ஏறத்தாழ 1,100 அடி நீளமுள்ள பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினர். பணி முடியும் தறுவாயில், 1881இல் வீசிய புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்துவிட்டது, மீண்டும் கட்டினர். அந்தச் சுவர்கள் கடலோட்டத்தோடு வடக்கே செல்லும் மணலைத் தடுத்தமையால், தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரையைக் கடல் அரித்தது. பயணி கால் நனையாமல் இறங்கலானார். தைத்த படகுக்கும் அதைச் செலுத்திய கைகளுக்கும் துறைமுகத்தில் வேலை இல்லாமற் போயிற்று. இந்த மாற்றத்தினால் நன்மை பெற்றவரும் உண்டு, இழந்தவரும் உண்டு. பயண நூல்கள் முன்னதைப் பற்றியே பேசுகின்றன.

இனி, கூட்டத்தில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் இளைஞர் ஒருவர் எழுத்தராக வேலை பார்த்தார். அவ்வாண்டில் சென்னையில் இறங்கிய பயணிகளுள் எவரேனும் அவரைத் தெருவில் கடந்து சென்றிருக்கலாம். நெற்றியில் திருமண் இட்ட ஓர் எளிய எழுத்தர். அதற்கு மேல் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியிருப்பார். 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், அந்த எழுத்தர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் பெறும் எழுத்தர் என்று அதில் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அவர்தாம் சீனிவாச இராமானுசன். 1914 மார்ச்சு 17ஆம் நாள் இதே துறைமுகத்திலிருந்து அவர் கப்பலேறினார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். துறைமுகக் கழகத்தின் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், உடன் பணிபுரிந்த நாராயண ஐயரும் அவரைக் கூட்டத்தில் ஒருவராக எண்ணாமல், அவருடைய தாள்களில் இருப்பது என்ன என்று பார்த்தனர். உலகம் அவரை அறிவதற்கு அந்தப் பார்வை துணை செய்தது. கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் இராமானுசன் ஆகிவிடமாட்டார். எனினும் ஒவ்வொருவரிடமும் நாம் அறியாத ஒன்று இருக்கிறது என்பது உறுதி.

பிறர் நம்மைக் கண்ட வகையைச் சொன்னேன். நாம் பிறரைக் காணும் வகையையும் சொல்ல வேண்டும். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற தமிழர் எண்ணிறந்தவர். பினாங்கில் இறங்கியதும் அவர்களே அந்நகரின் கூட்டமாயினர். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார்த் துறையில் சுமை தூக்கியவர்களுள் தமிழர் பலர். அங்கு வந்த வேற்று நாட்டார் அவர்களைக் கண்டு, எத்தனை மக்கள், எவ்வளவு கூச்சல் என்று எழுதியிருப்பர். அந்த மக்களுள் ஒருவர் தஞ்சைச் சிற்றூர் ஒன்றுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் தந்தையாக இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். நமக்குத் தெரிந்த இந்த உண்மை, நாம் ஹாங்காங்கிலோ பாங்காக்கிலோ இறங்கும்போது நினைவுக்கு வருகிறதா? இன்று விமானத்தில் சென்று நான்கு நாள் தங்கித் திரும்பும் நம் நண்பர்கள் பலர், எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஹாங்காங்கைப் பற்றி நெரிசல் என்னும் ஒரே சொல்லில் பேசி முடித்துவிடுகின்றனர்.

அதே ஹாங்காங்கை வேறு கண்ணால் கண்ட ஒருவர் உண்டு. 1893ஆம் ஆண்டு அமெரிக்கா செல்லும் வழியில், சுவாமி விவேகானந்தர் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங்கை அடைந்தார். அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் யோகஹாமாவிலிருந்து, அளசிங்கப் பெருமாள் முதலிய தம் சென்னை நண்பர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கப்பலைச் சூழ்ந்துகொண்ட நூற்றுக்கணக்கான படகுகளை அவரும் கண்டார். ஆனால் கூட்டம் என்று எழுதி நிறுத்தவில்லை. ஒரு படகுக்குள் கண்ணைச் செலுத்தினார். அங்கே ஒரு குடும்பமே குடியிருந்தது. படகோட்டியின் மனைவி ஒரு சுக்கானைக் கையாலும் மற்றொன்றைக் காலாலும் இயக்கினாள். அவள் முதுகில் கட்டிய குழந்தை அச்சமின்றி உலகைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இருந்த கடும் வறுமையையும் உழைப்பையும் அவர் எடுத்துக் காட்டினார். நம் நாட்டு வறுமையையும் அதனோடு ஒப்பிட்டு நோக்கினார். கை என்ன செய்கிறது, கால் என்ன செய்கிறது என்று பார்த்தமையால்தான், அந்தப் பெண் நூறாண்டுக்கு மேலாகியும் நம் கண்முன் நிற்கிறாள்.

இத்தகைய பார்வை தமிழர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினம் என்னும் மக்கள் நெருங்கிய துறைமுக நகரின் ஓவியம். கடல் வழியே வந்த குதிரைகளையும் மூட்டை மூட்டையான மிளகையும் மட்டும் புலவர் காணவில்லை. பண்டங்களுக்குப் புலிச்சின்னம் பொறிக்கும் சுங்க அலுவலரைக் கண்டார். பரதவரின் ஓய்வுநாள் ஆடலைக் கண்டார். நடுவுநிலை பிறழாது விலை கூறும் வணிகரைக் கண்டார். வெவ்வேறு மொழி பேசுவோர் ஒன்று கலந்து இனிது வாழ்வதைக் கண்டார். அங்கே நெரிசல் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலும் ஓர் இடமும் உண்டு என்பதை அவர் மறக்கவில்லை.

இன்று சென்னைத் துறைமுகத்தின் உழைப்பு மதிலுக்குள் மறைந்துவிட்டது. 1983இல் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டபின், மனிதர் முதுகில் சுமந்ததைப் பாரந்தூக்கிகள் சுமக்கின்றன. வெளிநாட்டார் மீனம்பாக்கத்தில் இறங்குகின்றனர். அவர்களைச் சூழ்ந்துகொள்ளும் ஆட்டோ ஓட்டுநர்களும் வாடகைக்கார் ஓட்டுநர்களுமே இன்றைய மசூலாப் படகோட்டிகள். அவர்களைப் பற்றி வரும் விருந்தினர் என்ன எழுதுவரோ, அஃது அவரவர் பண்பைப் பொறுத்தது. நம் கையில் இருப்பது ஒன்று. அடுத்த முறை அயல்நாட்டு நகரம் ஒன்றில் நாம் இறங்கும்போது, கூட்டம் என்னும் சொல்லை எழுதுவதற்கு முன், அங்குள்ள ஒருவரையேனும் அணுகி, அவர் பெயர் என்ன, செய்யும் தொழில் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டறிவோமாக. அதன்பின் எழுதும் கடிதத்தில் நகரமும் இருக்கும், மனிதரும் இருப்பர்.