கொட்டியாரக் குடாவின் கணக்கை நம் பிள்ளைகள் எழுதட்டும்!

(மூதூரில் உழவர், கடற்றொழிலாளர், மாணவர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடு மலைநாட்டில் ஊற்றெடுக்கும் மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் ஓடி நமது கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. ஆறு நம் வயலை விளைவிக்கிறது. குடா நம் வலையை நிறைக்கிறது. ஆனால் இவ்விரண்டின் நலிவையும் பொலிவையும் எடுத்துக்காட்டும் கணக்கு நம் கையில் உண்டா?

சம்பூரின் கதையை எண்ணிப் பாருங்கள். 2006 இல் போர் மூண்டபோது அவ்வூர் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் ஏதிலிகளாய் வாடிய காலத்திலேயே, அவர்களது மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் எழுப்புவதற்கென இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் 2011 இல் கூட்டு உடன்படிக்கை செய்தன. மின்சாரம் நாடெங்கும் போகும். சாம்பலும், குளிர்விக்கப் பயன்பட்ட வெந்நீரும் ஒரு குடாவின் கரையிலேயே தங்கும்! சூழல் அநீதி என்பது இதுவன்றி வேறென்ன?

மக்கள் எதிர்த்தார்கள், சூழல் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில், அத்திட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது.

அத்துடன் நாம் கண்ணயர்ந்துவிடலாமா? அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. புகையில்லா மின்சாரத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும், இதே மாவட்டத்து முத்துநகரில், சூரிய மின் திட்டங்களுக்குத் தம் வயல்கள் பறிபோவதை எதிர்த்து உழவர்கள் அதே ஆண்டில் வீதிக்கு வந்தார்கள். எந்தத் திட்டம் வந்தாலும், யாருடைய நிலம், யாருடைய நீர் என்னும் கேள்வி கூடவே வரும்.

1980 ஆம் ஆண்டின் தேசியச் சுற்றாடல் சட்டத்தில் 1988 இல் செய்யப்பட்ட திருத்தம், பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கப் பொதுமக்களுக்கு 30 நாள் தருகிறது. “எங்கள் கிணறு உவர்த்துவிடும்” என்று நாம் அப்போது முறையிட்டால், “இன்று அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது?” என்று கேட்பார்கள். அதற்கு விடையை முப்பது நாளில் தேட முடியாது. ஆண்டுக் கணக்கில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

நம்மால் ஆகுமா என்று ஐயுறுவோர் தமிழகத்தின் கடலூரைப் பார்க்கட்டும். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையின் நச்சுக் காற்றைச் சுவாசித்த கிராமத்தவர்கள், 2004 இல் தாமே கண்காணிப்பாளர்களாயினர். எந்த நாள், எந்த நேரம், என்ன நாற்றம், காற்று எத்திசை என்று குறித்தனர். வாளிக்குள் பொருத்திய பையிற் காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினர். வெறும் நாற்றம் என்று தள்ளப்பட்ட முறைப்பாடு, பெயரும் அளவும் உடைய நச்சு வாயுக்களின் பட்டியலாக மாறிற்று!

இங்கே நம் இளைஞர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஊருக்குப் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, கச்சான் வீசும் வறட்சியிலும் வாடை கொணரும் மாரியிலும் மாதந்தோறும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளத்தல். உவர்ப்பை அறிய மின்கடத்துதிறன் காட்டும் சிறு கருவி போதும். இரண்டாவது, வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றிற் கட்டிக் குடாவில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தல். இத்தாலிய அறிஞர் செக்கி 1865 இல் கையாண்ட இம்முறையை எந்தத் தோணியிலும் செய்யலாம். மூன்றாவது, பள்ளிதோறும் மழைமானி வைத்து நாள்தோறும் பதிதல்.

இடம் மாறக்கூடாது, முறை மாறக்கூடாது, கண்டதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நம் வயலின் உரமும் கிருமிநாசினியுமே குடாவைக் கெடுக்கின்றன என்று கணக்குக் காட்டினால், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நமக்கு எதிரானதையும் எழுதும் ஏட்டைத்தான் நீதிமன்றமும் நம்பும்.

படித்த பெருமக்களே! விஞ்ஞான ஆசிரியர்கள் அளவீட்டைச் சரிபார்க்கட்டும். பொறியியலாளர்கள் கருவியைப் பழக்கட்டும். சட்டத்தரணிகள் அதனைச் சான்றாக்கும் வழி சொல்லட்டும். உழவர்களே, உங்கள் கிணற்றடியைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். முந்திய வறட்சிகளில் நீர் எங்கே நின்றது என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த அறிவித்தல் என்று வருமோ, நாம் அறியோம். அது வரும் நாளில், நம் பிள்ளைகள் எழுதிய ஏடு மேசைமீது இருக்க வேண்டும். அதன் முதற் பக்கத்தை இந்த மாதமே எழுதத் தொடங்குவோம்!