நம் பெயரில் பிறர் வாங்கும் கடன்



ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் மூட்டையை விற்கும்போது எடையையும் ஏலச் சீட்டையும் இருமுறை பார்க்கிறோம். ஆனால் ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் கேட்டவரிடமெல்லாம் நீட்டிவிடுகிறோம். அதனால் விளையும் கேட்டைப் பற்றியே இன்று கூற விழைகிறேன்.

2020-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நிகழ்ந்ததைப் பலரும் அறிவீர்கள். உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமர் கிசான் திட்டத்தில், தகுதியற்றோர் இலட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் இது மிகுதி. வேளாண்மை அலுவலர்களின் கடவுச்சொற்கள் தரகர் கைக்குப் போயிருந்தன. கொரோனா நிவாரணம் வருகிறதென்று சொல்லியே பல ஊர்களில் ஏழைகளின் ஆதாரும் கணக்கு எண்ணும் வாங்கப்பட்டன. ஏறத்தாழ 110 கோடி ரூபாய் முறைகேடாகச் சென்றதென அரசு தெரிவித்தது, சி.பி.சி.ஐ.டி. போலீசார் வழக்குத் தொடுத்தனர். பின்னர் பணம் யாரிடமிருந்து மீட்கப்பட்டது? அக்கணக்குகளிலிருந்தே. தரகர்க்குக் கொடுத்த கூலி கொடுத்தவர்க்கு நட்டமே.

அன்று உதவித்தொகைக்குப் பயன்பட்ட அதே தாள்களைக் கொண்டு இன்று நம் பெயரில் கடன் வாங்கவும் முயல்வார்கள். பயிர்க்கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில்தான், "உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறதே" என்ற சொல் காதில் விழும்.

இதற்குச் சட்டம் துணை நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நம் கடன் விவரத்தைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் நமக்கு உரிமை உண்டு. சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டுமென்பது 2017 முதல் நடைமுறை. புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டுமென்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. "கடனே வாங்காத எனக்கு அறிக்கை எதற்கு?" என்பீர்கள். கடன் வாங்காதவரே முதலில் பார்க்க வேண்டியவர். அவர் பெயரில் ஒரு கடன் காணப்பட்டாலும் அது பிறர் வேலை என்பது உடனே விளங்கிவிடும்.

கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர்க்கும் சொல்லற்க. நம் தவறின்றிப் பிறர் பணத்தை எடுத்தால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவிப்போர்க்கு நட்டமில்லை என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. நாமே எண்ணைச் சொல்லிவிட்டாலோ, அறிவிக்கும் வரையிலான இழப்பு நம் தலையில்தான்.

நகல் கொடுக்கும்போது இன்ன காரியத்திற்கு, இன்ன தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரையும் பெறலாம். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. உறுப்பினர்கள், இணையவழி மோசடிக்கான 1930 என்ற எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதுவிக்க வேண்டுகிறேன்.