இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்து



பெங்களூரில் பன்னேர்கட்டாச் சாலையிலுள்ள ஜயதேவா இதய மருத்துவமனையின் வரிசையில் காலைப் பொழுதில் நின்றால், கன்னடத்தோடு தமிழும் காதில் விழும். இளமையில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்று, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டோர் நம்மவரிலும் உண்டு. வேற்றுப் பொருளின்மேல் படிந்து உறைவது இரத்தத்தின் இயல்பு. ஆதலால், உலோக வால்வு உடையோர் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியிருக்கிறது.

இம்மருந்தின் வரலாறு விந்தையானது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும், பூசணம் பிடித்த குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் குருதி நில்லாமல் மாண்டன. 1933-இல் விஸ்கான்சின் உழவர் ஒருவர், உறையாத மாட்டிரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு, பனிப்புயலினூடே கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன அறிஞரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். அங்குத் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்த வார்ஃபரின், 1948-இல் எலிப் பாஷாணமாகவே விற்பனைக்கு வந்தது. 1954-இல்தான் மனிதருக்கு மருந்தாயிற்று. அளவு மிகுந்தால் என்னாகும் என்பதை எலிகளே காட்டிவிட்டன.

அவ்வளவை அறிவதற்கே ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனை. மருந்துண்ணாதவர்க்கு அது ஏறத்தாழ 1. உண்போரில் பெரும்பாலோர்க்கு 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதல். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும், மிகுந்தால் கசியும்.

நாமறிந்த தையற்காரர் ஒருவர், அல்சூர்வாசி, திருவிழாவுக்காக ஊருக்குச் சென்றார். முழங்கால் வலித்தது. கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி ஐந்து நாள் உண்டார். பெங்களூர் திரும்பியதும் மலம் தாரைப்போல் கறுத்துப் போயிற்று. தினமும் உண்ணும் கேழ்வரகுக் களியின் நிறமென்று எண்ணி இரண்டு நாள் வாளாவிருந்தார். மூன்றாம் நாள் மயங்கி விழுந்த பின்னரே, வயிற்றினுள் இரத்தம் ஒழுகியது தெரிந்தது. வைட்டமின் கே மருந்தும் இரத்தமும் ஏற்றி மருத்துவர்கள் காத்தனர். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்குவன. இம்மருந்தோடு சேரும்போது அப்புண் எளிதில் அடைபடாது. சில நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் ஐ.என்.ஆரை உயர்த்திவிடும். "ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்கும் நம் வழக்கமும் இங்கே ஆகாது. தசையில் போடும் ஊசியால் உள்ளே இரத்தம் தேங்கக் கூடும்.

கீரையைப் பற்றி ஒரு சொல். முருங்கைக்கீரையிலும் பாலக்கிலும் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே துறக்க வேண்டுவதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டு வந்தால் போதும். ஒரு வாரம் நாள்தோறும் மஸ்ஸொப்பு, மறுவாரம் ஒன்றுமில்லை என்பதே தொல்லை.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், வலியில்லாவிடினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மண்டையினுள் கசிவு பல மணி நேரங் கழித்தும் வெளிப்படலாம். நில்லாத மூக்கிரத்தமும் சிவந்த சிறுநீரும் அவ்வாறே காத்திருக்கத் தக்கன அல்ல. ஆனால் பல் பிடுங்கப் போகிறோமென்று தாமே மாத்திரையை நிறுத்துவோரைக் கண்டால் நமக்கு இன்னும் அச்சமாயிருக்கிறது. உறைகட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரே சொல்ல வேண்டும்.

அத்தையற்காரர் இப்போது சட்டைப் பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறார். மருந்தின் பெயர், அளவு, கடைசி ஐ.என்.ஆர். எல்லாம் அதில் உண்டு. தமிழில் மனைவி எழுதினார். கன்னடத்தில் எழுதியவன் பள்ளியில் படிக்கும் பேரன்.