அறுபத்தைந்தில் வந்த முதல் புத்தகம்

(நம் குடியிருப்பு மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ரிட்டையர் ஆயாச்சு, இனிமேல் என்ன சார் இருக்கு?" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் நாம் சொல்லிக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக ஓர் அமெரிக்க அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் லாரா இங்கால்ஸ் வைல்டர். பிறந்தது 1867-ல், விஸ்கான்சின் மாநிலத்தில், காட்டோரத்து மரவீட்டில்.

அம்மா 1924-லும் அக்கா மேரி 1928-லும் காலமானார்கள். அடுத்து பங்குச் சந்தை சரிந்ததில் குடும்பத்தின் முதலீடும் கரைந்தது. அந்த நிலையில்தான் மலிவான கோடு போட்ட நோட்டில், பென்சிலால், தன் சிறுவயதை எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியதைப் பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். மகள் ரோஸின் உதவியோடு சிறுவர்களுக்காக மாற்றி எழுதினார். 1932-ல் முதல் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 65! 1943-க்குள் எட்டுப் புத்தகங்கள்.

அப்பா வாசித்த ஃபிடில், பனியில் பாகை ஊற்றிச் செய்த மிட்டாய் என்று படிக்கப் படிக்க இனிக்கும். ஆனால் முப்பது வருடம் லெட்ஜர் பார்த்தவன் நான். விட்டுப்போன என்ட்ரியைத்தான் கண் தேடும். ஒன்பது மாதத்தில் இறந்த தம்பி அந்தப் புத்தகங்களில் இல்லை. கடனோடு ஓர் ஊரைவிட்டு இரவோடு இரவாகக் கிளம்பியதும் இல்லை. இவையெல்லாம் முதலில் எழுதிய பிரதியில் இருந்தன. அது அச்சானது 2014-ல்தான். கன்சாஸில் அப்பா வீடு கட்டியது ஓசேஜ் பழங்குடியினரின் நிலத்தில். அவர்களைப் பற்றி எழுதிய விதத்துக்காக, அவர் பெயரில் இருந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரையே 2018-ல் மாற்றினார்கள்.

நாமும் பேரப்பிள்ளைகளிடம் ஊர்க்கதை சொல்கிறோம். கிணற்றில் குதித்ததைச் சொல்கிறோம்; அம்மாவின் வளையல் அடகுக்குப் போனதைச் சொல்வதில்லை. அந்தக் கிணற்றில் யாரை இறங்க விடவில்லை என்பதையும் சொல்வதில்லை. வரவை மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது.

என் அம்மா போன பிறகுதான் கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நிலைமை வேண்டாம். இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இனித்ததையும் எழுதுங்கள், வலித்ததையும் எழுதுங்கள். அறுபத்தைந்து தாண்டிவிட்டதா? பரவாயில்லை, எழுத உட்காருங்கள்.